பதினான்கு இடங்களும் பூட்டிய கதவுகளும்: குழுச் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கோயில்களுக்கும் வரலாற்றுத் தலங்களுக்கும் பேருந்தில் குழுவாக ஆட்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா அமைப்பாளர்கள் அனைவருக்கும், வணக்கம்.

கடந்த மாசி முதல் வாரத்தில் என் அக்காவும் அத்தானும் நானுமாக மூவர், உங்களில் ஒருவர் நடத்திய சோழநாடு, செட்டிநாடு பயணத்தில் கலந்துகொண்டோம். வெள்ளி இரவு பத்து மணிக்குச் சென்னையில் ஏறி, திங்கள் விடியற்காலையில் அதே இடத்தில் இறங்கினோம். மூன்று இரவு, இரண்டு பகல், பதினான்கு இடங்கள், ஆளுக்கு 6,500 ரூபாய். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. திரும்பி வந்தபின் வேறு ஏழெட்டு நிறுவனங்களின் துண்டறிக்கைகளை வாங்கி வைத்துப் பார்த்தேன். இடங்களின் வரிசை சற்று முன்பின்னாக இருக்கிறதே தவிர எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆகவே குறை ஒருவருடையது அன்று என்பதால் மடலும் உங்கள் எல்லோருக்குமாக எழுதப்படுகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ஓட்டுநர் அருமையாக ஓட்டினார், சமையல்காரர் இரண்டு நாளும் 44 பேருக்கு வாய்க்கு ருசியாகப் போட்டார். அவர்கள்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிப் பயணத்தை விற்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பதினான்கை ஏழாகக் குறைத்து, கோயில் நடை சாத்தும் நேரம், தரையில் ஏறும் வெயில், வருகிறவர்களின் முழங்கால் ஆகிய மூன்றையும் கணக்கிட்டுப் பயண நிரல் போடுங்கள். இது ரசனையைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. பணம் வாங்கிக்கொண்டு காட்டுவதாகச் சொன்ன இடங்களில் பாதியை நீங்கள் காட்டவில்லை என்பதே என் புகார்; அதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சனிக்கிழமை விடியலில் கும்பகோணத்தில் ஒரு விடுதியில் குளித்து உடை மாற்றிக்கொண்டு, அந்த ஊரிலேயே நான்கு கோயில்களைப் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வதைவிட நான்கு கோயில்களுக்குள் நுழைந்து வெளியே வந்தோம் என்பது பொருந்தும். அது போகட்டும். பத்தே முக்கால் மணிக்குத் தாராசுரத்தில் இறக்கிவிட்டு, 35 நிமிடம் என்றார்கள். வழிகாட்டியாக வந்த இளைஞர் பலிபீடத்தின் இசைப் படிகளைக் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று காட்டினார். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தைக் காட்டினார். தேர் போன்ற மண்டபத்தின் முன்னால் நிறுத்திக் குழுப்படம் எடுத்தார். அதோடு நேரம் முடிந்தது.

தாராசுரத்தில் வேறெங்கும் காண முடியாத ஒன்று, மூலக்கோயிலின் புறச்சுவரில், அடித்தளத்தை ஒட்டி, குனிந்தால் மட்டுமே கண்ணில் படும் உயரத்தில் வரிசையாக ஓடுகிறது. நாயன்மார்களின் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக அங்கே செதுக்கப்பட்டிருக்கின்றன. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். இந்தக் கோயிலை எடுப்பித்தவன் அவன் மகன் இரண்டாம் இராசராசன். நூல் பிறந்து ஒரு தலைமுறைக்குள் அது கல்லில் ஏறிவிட்டது என்பது எவ்வளவு பெரிய செய்தி! அவிநாசியில் முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் பாடி மீட்ட கதையை அந்த வரிசையில் பார்க்கலாம். சிற்பங்களோடு பெயர் பொறித்த தமிழ் எழுத்துகளும் உண்டு. என் அக்கா நாற்பது ஆண்டுகளாகப் பெரியபுராணம் முற்றோதல் செய்கிறவர். முழங்கால் வலியோடு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு எட்டாவதோ ஒன்பதாவதோ சிற்பத்துக்கு வந்தபோது விசில் ஊதிவிட்டார்கள். பேருந்தில் ஏறியதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து கண்ணாடித் துணியை எடுத்து நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து திருவையாறு. ஐயாறப்பர் கோயில் வாசலுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால்; நடை சாத்தியிருந்தது. தியாகராசர் சமாதியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தஞ்சைக்குப் புறப்பட்டோம். திருவையாற்றிலிருந்து தஞ்சைக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். ஆனால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று அடுத்தடுத்து ஐந்து ஆறுகளைப் பாலத்தில் கடந்து போகும் சாலை அது. சோழநாடு சோறுடைத்து என்பதன் பொருளை அரை மணி நேரத்தில் கண்ணுக்கு நேரே காட்டிவிடக்கூடிய வழி வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த அரை மணி நேரமும் சன்னல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, முன்னால் தொங்கிய தொலைக்காட்சியில் ஒரு சண்டைப் படத்தை முழு ஒலியில் ஓடவிட்டிருந்தார்கள். நான் என் பக்கத்துத் திரையை விலக்கியபோது, வெளிச்சத்தில் படம் தெரியவில்லை என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் துண்டறிக்கைகளின் அட்டையில் கண்ணுக்கெட்டிய வரை பச்சை வயலும், கரை தொட்டு ஓடும் காவிரியும் இருக்கின்றன. மேட்டூர் அணை வழக்கமான ஆண்டில் ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடப்படும். மாசியில் போனால் ஆறுகளில் மணலும் அதன் நடுவே நூல் போல ஒரு நீரோட்டமும்தான் இருக்கும். சம்பா அறுவடை முடிந்து வைக்கோலை இயந்திரம் உருளை உருளையாகச் சுருட்டிப் போட்டிருக்கும். நெல் அறுக்கும் முன்பே ஈரத்தில் தெளித்துவிட்ட உளுந்து, தாளடிகளுக்கு நடுவே தாழ்வாகப் பச்சை கட்டியிருக்கும். அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு அழகு. அதைப் பார்க்க வருகிறவரிடம் ஐப்பசி மாதத்துப் படத்தைக் காட்டி அழைத்து வரலாமா? எந்த மாதத்தில் என்ன பயிர் நிற்கும் என்று ஒரே ஒரு வரி அச்சிட்டால், வயல் பார்க்க ஆசைப்படுகிறவர் ஐப்பசி, கார்த்திகையில் மழைக்குத் துணிந்து வருவார். வெறும் கோயிலுக்கென்று வருகிறவர் மாசியில் வருவார்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் ஒன்றேகால் மணிக்கு நுழைந்தோம். சந்நிதி அடைத்திருந்தது. முற்றத்துக் கருங்கல்லில் கால் வைக்க முடியவில்லை. விரித்திருந்த தென்னைநார்ப் பாயின்மேல் 44 பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறக்குறைய ஓடினோம். நிழல் தேடி விமானத்தின் வடபக்கம், சண்டிகேசுவரர் சந்நிதியை ஒட்டிப் போய் ஒண்டிக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது. அங்கே நிற்க வைத்துத்தான் வழிகாட்டி இளைஞர், இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற புகழ்பெற்ற செய்தியைச் சொன்னார். எங்களோடு வந்திருந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தரையைப் பார்த்தான், மேலே பார்த்தான், பிறகு, “அப்போ நாம எதுல நிக்கிறோம் சார்?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், இளைஞரும் சிரித்துவிட்டுக் கைப்பேசியில் அடுத்த குறிப்புக்குப் போய்விட்டார்.

நாங்கள் நின்ற இடத்தில் இடுப்புயரத்தில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்ன கோயில் இது. 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலுக்கான ஆடல்மகளிரை, எந்தெந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டு வந்தான், தெருவில் எத்தனையாவது வீடு யாருக்கு என்பது வரை எழுதி வைத்த கல்வெட்டு இங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தெருவின் கதவிலக்கப் பட்டியல் இதே கோயிலில் இருக்கும்போது, இல்லாத அதிசயத்தைச் சொல்லி ஏன் அனுப்ப வேண்டும்? கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதையைக் கதை என்று சொல்லிச் சொல்லுங்கள். கல்வெட்டைக் கல்வெட்டு என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைக்காதீர்கள்.

தஞ்சையில் நடுப்பகலுக்கென்றே ஓர் இடம் இருப்பது உங்களுக்குத் தெரியாததன்று. அரண்மனைக் கலைக்கூடம் கூரைக்குக் கீழே இருக்கிறது. திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த இடபவாகனர், காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனின் வார்ப்புத் திருமேனி, அங்கேதான் நிற்கிறார், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஊன்றி, வலக்கையை எதன்மீதோ இயல்பாகச் சாய்த்திருக்கிறார். அவர் சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. காளை இல்லாமலே காளை நிற்பது தெரிகிறது என்பதுதான் அந்த வார்ப்பின் மேன்மை. நடுப்பகலில் அவரைப் பார்த்துவிட்டு, உண்டு, சற்று இளைப்பாறி, நாலரை மணிக்குப் பெரிய கோயிலுக்குள் நுழைந்தால் தரை ஆறியிருக்கும், சந்நிதி திறந்திருக்கும், சாய்ந்த வெயிலில் விமானத்தின் நிறம் மாறுவதைப் புல்தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். செலவு ஒரு காசு கூடாது. வரிசையை மாற்றினால் போதும்.

எங்கள் நாலரை மணி எங்கே போயிற்று என்றால், ஒரு பொம்மைக் கடையில் போயிற்று. அங்கே 50 நிமிடம் நிறுத்தினார்கள். தாராசுரத்துக்கு 35, பொம்மைக் கடைக்கு 50. கடைக்காரர் தரும் தரகில்தான் கட்டணத்தைக் குறைவாக வைக்க முடிகிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். அப்படியானால் அதை வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். கடை வேண்டாதவர்கள் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டுப் போகிறோம். நானும் ஒரு தலையாட்டி பொம்மை வாங்கினேன் என்பதை மறைக்கவில்லை.

கல்லணைக்குப் போனபோது இருட்டிவிட்டது. பேருந்தின் விளக்கொளியில் கரிகாலன் யானைமேல் இருப்பது மட்டும் தெரிந்தது. எட்டாவது இடம் என்று கணக்கில் எழுதிக்கொண்டு திருச்சிக்குத் தூங்கப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை நிரலில் முதலாவதாக இருந்தது குடுமியான்மலை. உண்மையில் என் அத்தான் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்; அவர் வீணை பயின்றவர். ஏழு இசைவகைகளுக்குரிய சுரக்கோவைகளைக் கிரந்த எழுத்தில் வரிவரியாகப் பாறையில் வெட்டி வைத்திருக்கும் கல்வெட்டு அங்கே, குடைவரையை அடுத்த மலைச்சரிவில் இருக்கிறது. உருத்திராசாரியரின் மாணவனும் சிவபக்தனுமான ஓர் அரசன் செய்தது என்கிறது கல்வெட்டு. அந்த அரசன் மகேந்திரவர்மனே என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். பின்னால் வந்த அறிஞர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். வடமொழியில் எழுதி வந்தவர் கடைசியில் “எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய” என்று தமிழில் ஒரு வரி போட்டிருக்கிறார். எட்டு எது, ஏழு எது என்று இசை அறிந்தவர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதே மலையடிவாரக் கோயிலில், காதலிக்குச் சூட்டிய பூவை அரசனுக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட அர்ச்சகரைக் காப்பாற்ற இறைவனே குடுமி முளைத்துக் காட்டினான் என்ற கதையும் இருக்கிறது. ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருத்தம் பாருங்கள், ஒரே ஊரில் ஒரு கல்வெட்டும் ஒரு கதையும்.

புறப்பட ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது என்பதால் குடுமியான்மலையை விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டோம் என்று அறிவிக்கவும் இல்லை. சித்தன்னவாசலில் இறங்கும்போது அத்தான் கேட்டதற்கு, அங்கே வெறும் பாறைதான் சார், பார்க்க ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது.

சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குடைவரையின் முன்மண்டபம் சின்னது. உள்ளே ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு மேல் விடமாட்டோம் என்று காவலர் சொன்னார். ஓவியத்தைக் காக்க அதுதான் முறை. விதானத்துத் தாமரைக் குளத்தைப் பார்க்க வேண்டுமானால், வெளி வெயிலிலிருந்து உள்ளே போன கண் இருளுக்குப் பழகவே இரண்டு நிமிடம் ஆகும். அதன்பிறகுதான் இலைகளின் பச்சை தெரியும். மீன் தெரியும், வாத்து தெரியும், யானையும் எருமையும் தெரியும், கையில் தாமரைத் தண்டோடு பூக்கொய்கிறவரின் முகம் தெரியும். ஆளுக்கு எட்டு நிமிடமாவது வேண்டும். 44 பேரை எட்டு எட்டாகப் பிரித்தால் ஆறு குழுக்கள், 48 நிமிடம். எங்களுக்குக் கொடுத்தது, நடந்து ஏறி இறங்குவது உட்பட, அரை மணி. கடைசி இரண்டு குழுக்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின. 44 பேரையும் ஒரே வேளையில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பிழை. பாதிப் பேர் குடைவரையில் இருக்கும்போது மீதிப் பேரை மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டத்துக்கு அழைத்துச் சென்றிருக்கலாம். சமண முனிவர்கள் படுத்துறங்கிய, வழவழவென்று தேய்த்த கற்படுக்கைகளும், அவற்றில் ஒன்றின்மேல் வெட்டிய தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தும் அங்கே இருக்கின்றன. ஏறுவதற்குச் சற்று மூச்சு வாங்கும். இளைஞர்கள் போய் வரட்டும். அது உங்கள் நிரலிலேயே இல்லை.

திருமயத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டு இருபது. ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும், இரண்டும் நடை சாத்தியாகிவிட்டன. இரண்டு கோயில்களுக்கும் இடையே வருவாய் குறித்து எழுந்த வழக்கை 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி ஒருவர் முன்னிலையில் தீர்த்து வைத்ததைக் கல்வெட்டாகவே வெட்டி வைத்திருக்கும் தலம் அது. கதவுக்கு வெளியே நின்று அதை நானே என் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்களை 1687இல் இராமநாதபுரத்துச் சேதுபதி கட்டிய கோட்டையின்மேல் ஏற்றிவிட்டார்கள்; மாசி வெயிலில், உச்சிவேளையில், மரமில்லாத பாறையில். அறுபது தாண்டிய 11 பேர் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்ட பேருந்துக்குள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் சாத்தி நாலு மணிக்குத் திறப்பது நேற்றோ இன்றோ வந்த வழக்கம் அன்று. இரண்டு நாளில் மூன்று இடங்களில் அடைத்த கதவைப் பார்த்தோம் என்றால், நிரலைப் போட்டவர் கடிகாரத்தைப் பார்க்காமல் தேசப்படத்தை மட்டும் பார்த்துப் போட்டிருக்கிறார் என்றுதான் பொருள்.

இவ்வளவுக்கும் நடுவில் மனம் நிறைந்த இருபது நிமிடமும் ஒன்று வாய்த்தது. அதையும் எழுதாவிட்டால் நியாயமாகாது. ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் கூடத்துக்குப் போனபோது ஞாயிறு ஆதலால் வேலை நடக்கவில்லை. உள்ளேயிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்ததும், வந்ததற்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைத்தார். அதைச் சுற்றிச் சதுரச் சட்டம், உள்ளே பூ வடிவத்தில் அறை அறையாகப் பிரித்த உலோக அச்சு. சிமெண்டோடு கரைத்த நிறக்குழம்பைச் சிறு கரண்டியால் மொண்டு, ஓர் அறைக்கு மஞ்சள், ஓர் அறைக்குக் காவி, நடுவே பச்சை என்று ஊற்றினார். பின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேர் மேலாகத் தூக்கினார். நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டன, கலக்கவில்லை. எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு சேர ஓர் ஒலி எழுந்தது. அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, மேலே ஈரக்கலவையை அப்பிச் சமன் செய்து, அவ்வளவுதான் என்றார். காய்ந்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, வெயில் பட்டபின் கண்ணாடி தானே விடுமாம். அந்தக் கண்ணாடியின் வழவழப்புத்தான் தரையின் பளபளப்பு. இதில் சூளையும் இல்லை, தீயும் இல்லை. அந்த ஆறாம் வகுப்புப் பையன், நான் ஒன்று செய்யட்டுமா தாத்தா என்று கேட்டான். பெரியவர் கரண்டியை நீட்டினார். விசில் ஊதியது. பிள்ளையார்பட்டிக்கு நேரமாகிவிட்டதாம்.

இடங்களைக் குறைத்தால் ஆள் வரமாட்டார்கள் என்று, திரும்பும் வழியில் நான் கேட்டபோது உங்கள் மேலாளர்களில் ஒருவர் சொன்னார். பக்கத்து நிறுவனம் பதினாறு என்று போடும்போது நாங்கள் ஏழு என்று போட்டால் பிழைக்க முடியுமா என்பது நேர்மையான கேள்விதான்; பிழைப்பை நான் எளிதாக எண்ணவில்லை. ஆனால் அன்று இரவு பேருந்தில் விளக்கணைத்தபின் ஆளாளுக்குப் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டேன். பூக்கல்லைப் பற்றிப் பேசினார்கள்; தாமரைக் குளத்தில் யார் யாருக்கு எருமை தெரிந்தது என்று பேசினார்கள்; நிழல் கேட்ட பையனைப் பற்றிப் பேசினார்கள். கும்பகோணத்து நான்கு கோயில்களில் எது எது என்று மூன்றாவது வரிசையில் கணவன் மனைவிக்குள் ஒரு சிறு தகராறே நடந்தது. ஊருக்குப் போய் அடுத்த வீட்டாரிடம் எதைச் சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்களுக்கு அடுத்த ஆண்டுக்கான ஆளை அந்தப் பேச்சுத்தான் கொண்டு வரும்.

எனவே ஒரு நிரலை நானே போட்டுப் பார்த்தேன். சோழநாட்டையும், ஆத்தங்குடி நீங்கலாகச் செட்டிநாட்டையும் வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு, இரண்டு நாளைப் புதுக்கோட்டைச் சீமைக்குக் கொடுங்கள். 1948 மார்ச்சு வரை தனி அரசாக இருந்த பகுதி அது; செம்மண், தைலமரத் தோப்பு, ஊருணி, புரவிகள் வரிசை கட்டிய ஐயனார் கோயில் என்று சாலை நெடுகிலும் காவிரிக் கரைக்கு நேர் எதிரான ஒரு நிலம். முதல் நாள் திருச்சியிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், விராலிமலையில் மயில் அகவுவதைக் கேட்டுவிட்டு, எட்டரைக்குள் கொடும்பாளூர் மூவர் கோயிலில் இருக்கலாம். மூன்றில் இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன, மூன்றாவதன் அடித்தளத்தைச் சுற்றி வந்தாலே கோயில் எப்படி எழும்புகிறது என்று புரிந்துவிடும். அங்கிருந்து குடுமியான்மலை, நடை சாத்துவதற்குள். உச்சிவேளை புதுக்கோட்டையில் சாப்பாடும் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகமும். மாலை நார்த்தாமலை.

நார்த்தாமலையை மாலைக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. மேலமலையில் இருக்கும் விசயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்த கோயில். பெயரில் சோழன் இருந்தாலும், இதைக் கட்டியவன் சாத்தன் பூதி என்ற முத்தரையர் குலத் தலைவன். மழையில் இடிந்ததை மல்லன் விதுமன் என்பவன் புதுக்கினான் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஒரே அளவில் வரிசையாக நிற்கின்றன. ஐந்து மணிக்கு மேல் வெயில் நேராகக் கோயிலின் முகத்தில் அடிக்கும். பாறை ஆறத் தொடங்கியிருக்கும். அங்கே ஒரு மணி நேரம் யாரும் விசில் ஊதாமல் இருந்தால் போதும். இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குச் சித்தன்னவாசல், பத்தரைக்குத் திருமயத்துக் கோயில்கள், வெயில் ஏறும் முன் விருப்பமுள்ளவர்களுக்குக் கோட்டை, பிற்பகலில் ஆத்தங்குடி. மொத்தம் ஏழு இடங்கள், விராலிமலை மயிலைக் கணக்கில் சேர்க்காமல். ஆத்தங்குடிப் பெரியவரைப் போன்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாம் நாள் ஞாயிறாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டியைப் பற்றி ஒரு சொல். எங்களோடு வந்த இளைஞர் நல்ல பிள்ளை. சென்னையிலிருந்து அவரும் எங்களோடு இரவெல்லாம் உட்கார்ந்தே வந்தார், கைப்பேசியில் பார்த்ததை வாசித்தார். ஆள் எண்ணுவதும் அறைச்சாவி கொடுப்பதும் வரலாறு சொல்வதும் ஒருவருக்கே என்றால் அவரும்தான் என்ன செய்வார்? ஊருக்கு ஊர் அந்தந்த மண்ணின் மனிதர் ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அமர்த்துங்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கல்வெட்டுப் படிக்கப் பழகிய கல்லூரி மாணவி, தேவாரம் பாடத் தெரிந்த ஓதுவார் எனப் புதுக்கோட்டைப் பக்கம் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்கு மரியாதையான ஊதியம் கொடுங்கள்; 44 பேரிடம் பிரித்தால் ஆளுக்கு ஒரு தேநீர்க் காசு கூட வராது.

கழிப்பறையைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு நாளும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கே நிறுத்துவீர்கள், அங்கே தண்ணீர் வருமா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா என்று முன்கூட்டியே ஒருவர் போய்ப் பார்த்து வைக்க வேண்டிய வேலை இது. சாப்பாட்டுக்கு அவ்வளவு கவனம் எடுக்கிற உங்களுக்கு இது ஆகாததன்று. ஒவ்வோர் இடத்திலும் எத்தனை படி, கைப்பிடி உண்டா, ஏற முடியாதவர்கள் உட்கார நிழல் எங்கே என்பதையும் நிரலிலேயே எழுதிவிட்டால், வரலாமா வேண்டாமா என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்வோம். திருமயத்தில் பேருந்துக்குள் கிடந்த 11 பேரில் எத்தனையோ பேர் அதைத்தான் சொன்னார்கள்.

என் அக்கா மீண்டும் தாராசுரம் போக வேண்டும் என்கிறார். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். அத்தானுக்குக் குடுமியான்மலை இன்னும் பாக்கி. வரும் ஐப்பசிக்கோ கார்த்திகைக்கோ ஏழு இடங்களோடு, வந்துசேரும் மணியும் நடை சாத்தும் மணியும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட ஒரு துண்டறிக்கையை உங்களில் எவர் வெளியிட்டாலும், மூன்று இருக்கைகளுக்கு முன்பணம் கட்ட நாங்கள் தயார். சன்னலோரம் இரண்டு வேண்டும். திரைச்சீலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இங்ஙனம்,
சென்னையிலிருந்து ஒரு பயணி